மனம் படிப்பவர்களின் ஊரில் பிடிபடாத ஒருவர்

கேள்வி: ஜூன் 6, 2024

"அறிவியல் புனைகதையில் ஊரார் மனசையெல்லாம் படிக்கிற ஒரு கூட்டம் வரும். கூடவே அவர்களுக்குப் பிடிபடாத ஓர் ஆளும் வந்துவிடுவார். பத்தாயிரத்தில் ஒருவர், லட்சத்தில் ஒருவர் என்பார்கள். கதை முட்டுச்சந்தில் நிற்கும்போது எழுதுகிறவர் கண்டுபிடிக்கிற குறுக்குவழிதானே இது? நீங்கள் எழுதும் காவிரிக் கதையிலும் அப்படி ஒரு லஸ்கர், ஆற்று ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியர், இருக்கிறார். அவருக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?"

ஜூன் 7, 2024

குறுக்குவழியாக எழுதினால் குறுக்குவழிதான். ஆனால் எந்த நோய் வந்தாலும், எந்தப் பூச்சி வந்தாலும், தப்பிப் பிறந்தவர்கள் என்று சிலர் இருக்கவே செய்கிறார்கள். அதனால் விதிவிலக்கு ஏன் என்று நான் கேட்பதில்லை. அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்றுதான் கேட்கிறேன். விலை சொல்லாமல் எழுதினால் கதாநாயகன் இடுப்பில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கதையைப் படிக்காதவர்களுக்காக: இன்னும் நூறு வருடம் கழித்து நடக்கிறது. இடம், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு, ஷட்டர் வைத்து ஆற்றைப் பிரித்துவிடுகிற இடம். வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. மனம் படிப்பவர்கள் அரசு வேலையில் இருக்கிறார்கள், பாசனப் பிரிவுக்கு ஒருவர். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரைத் தூக்கிவிடுகிற வேலை அவர்கள் வந்தபிறகு நின்றுபோனது. யார் மனசில் திருட்டு எண்ணம் இருக்கிறது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். தலைமடைக்காரர் கடைமடைக்காரரை ஏமாற்ற முடியாது. எல்லாருக்கும் நிம்மதி.

அந்தத் தலைப்பில் ஷட்டர் சாவி வைத்திருக்கிற லஸ்கரை மட்டும் படிக்க முடியவில்லை.

ஜூன் 8, 2024

"பிடிபடாது என்றால் எது பிடிபடாது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவசியமான கேள்வி. மனசைப் படிப்பது வேறு, மனசுக்குள் ஓர் எண்ணத்தைத் தள்ளுவது வேறு, நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே பார்ப்பது வேறு. ஒன்றுக்குத் தப்பியவர் மூன்றுக்கும் தப்புவார் என்று எழுதுவது சோம்பல். தூங்கவைத்துக் கட்டளை கொடுக்கிற விஷயத்திலேயே ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 1959ல் ஸ்டான்ஃபோர்டில் வைட்ஸன்ஹோஃபரும் ஹில்கார்டும் மனோவசியத்துக்கு ஒருவர் எவ்வளவு ஆட்படுவார் என்பதை அளக்க ஓர் அளவுகோலே செய்தார்கள். சிலர் சுலபமாக ஆட்படுகிறார்கள், பெரும்பாலானவர்கள் நடுவில், சிலர் கிட்டத்தட்ட ஆட்படுவதே இல்லை. இது பிடிவாதத்தாலோ மனஉறுதியாலோ வருவதில்லை. முழு மனதோடு உட்கார்ந்து ஒத்துழைப்பவர்களிலும் ஆட்படாதவர்கள் இருக்கிறார்கள்.

என் லஸ்கரைப் படிக்க முடியாது. அவ்வளவுதான். மிரட்டினால் மற்றவர்களைப் போலவே பயப்படுவார்.

ஜூன் 9, 2024

ஏன் படிக்க முடியாது என்பதற்கு எனக்கு முதலில் பிடித்த காரணம், பூட்டே இல்லாத கதவு. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்கிற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானவர்களின் சிவப்பணுவில் அது கிடையாது. கிருமி வரும், பிடிமானம் இல்லாமல் போய்விடும். 1970களில் இதைக் கண்டுபிடித்தபோது கதை முடிந்தது என்றே தோன்றியிருக்கும். 2010ல் மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் வந்திருப்பதைக் காட்டினார்கள். கிருமியும் சும்மா இருக்காது.

எச்.ஐ.விக்கும் அப்படித்தான். சி.சி.ஆர் 5 என்கிற புரதத்துக்கான மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டுப்போய்ப் பிறந்தவர்களுக்கு அந்தக் கிருமியின் பொதுவான வகை தொற்றுவது மிக அரிது. ஐரோப்பிய வம்சாவளியில் நூற்றுக்கு ஒருவர் அப்படி. ஆனால் வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு அது கடுமையாகும் ஆபத்து கூடுதல். நான் சொல்கிற விலை இதுதான். ஒரு வாசல் இல்லாமல் போனால், அந்த வாசல் வழியாக நடந்துகொண்டிருந்த வேறு ஏதோ ஒரு வேலையும் நின்றுபோகிறது.

ஜூன் 12, 2024

இன்று மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. போர்செட் உள்ளவர்களுக்குத்தான் குறுவை. மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் பக்கம் நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கதை எழுத உட்கார்ந்தாலும் மனம் அங்கேயேதான் சுற்றுகிறது.

ஜூன் 16, 2024

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியது: "மலேரியாவுக்கு ஆப்பிரிக்கா போவானேன், நம் வயலில் இல்லாத உதாரணமா?"

உண்மைதான். சி.ஆர் 1009 சப் 1 நெல் போட்டவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் பயிர் முழுகி இரண்டு வாரம் கிடந்தாலும், தண்ணீர் வடிந்த பிறகு தழைந்து வரும். அந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர் 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொறுப்பான மரபணுவை 2006ல் பிரித்துக் காட்டினார்கள். வெள்ளத்தோடு அது போராடுவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். சாதாரண நெல் முழுகினால் மேலே வரத் தவித்து, இருக்கிற மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து நீண்டு, செத்துப்போகும். சப் 1 உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவிடும், சேமிப்பைத் தொடாது, அப்படியே அடங்கிக் கிடக்கும்.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. ஆழநீர் நெல் தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும். ஒரே நாளில் 25 சென்டிமீட்டர்கூட நீளுமாம். நம் காட்டுயானம் ஆளுயரம் வளர்ந்து நிற்பதைத் திருத்துறைப்பூண்டி, ஆதிரெங்கம் பக்கத்து நெல் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் பிழைக்க இரண்டு வழி. மாசக்கணக்கில் நிற்கும் தண்ணீரில் அடங்கிக் கிடந்தால் பயிர் அழுகிவிடும். இரண்டு வாரத்தில் வடிகிற தண்ணீரில் நீண்டு வளர்ந்தால், வடிந்ததும் சாய்ந்துவிடும்.

என் லஸ்கருக்குக் காரணத்தை இங்கிருந்துதான் எடுக்கப்போகிறேன். பூட்டில்லாத கதவை விட்டுவிடலாம்.

ஜூன் 17, 2024

நேற்று எழுதியதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன்.

மனம் படிப்பவர் ஒருவர் லஸ்கரைத் துழாவுகிறார். துழாவல் பட்ட மாத்திரத்தில் லஸ்கருடைய மனசு அடங்கிவிடுகிறது. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கே எண்ணம் ஓடாது. கேட்ட கேள்விக்குப் பதில் வராது, பக்கத்தில் நிற்கிற பேத்தியின் பெயர்கூட நாக்கில் வராது. துழாவுகிறவர் விலகியதும் எல்லாம் திரும்பி வரும்.

அப்படியானால் அவரை வீழ்த்துவதற்குப் படிக்கவே தேவையில்லை. விடாமல் ஆள் மாற்றி ஆள் துழாவிக்கொண்டே இருந்தால் போதும். எத்தனை நாள் தாங்குவார்? இரண்டு வார வெள்ளம் என்றால் மீள்வார். மாசக்கணக்கில் நின்றால்? அவரை விசாரிக்கிற அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவர் "விசாரணைதான் நடக்கிறது" என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடத்தை எழுதும்போது எனக்கே கோபம் வந்தது.

ஜூன் 21, 2024

ஒரு சின்னக் கணக்கு. "பத்தாயிரத்தில் ஒருவர்" என்று எல்லாரும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் குணம் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் வெளிப்படும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வெளிப்படுகிறது என்றால், ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர் ஐம்பதுக்கு ஒருவர். ஒரு பேருந்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். 2011 கணக்கெடுப்பில் திருவாரூர் மாவட்டத்துக்கு 12 லட்சத்து 64 ஆயிரம் பேர். அப்படியானால் மாவட்டம் முழுக்கப் பிடிபடாதவர்கள் 126 பேர்.

ஆனால் இது யாரோ யாரையோ கட்டிக்கொள்கிற ஊருக்கான கணக்கு. நம் ஊரில் அத்தை மகனும் மாமன் மகளும் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு ஆகிவிடும், 1,400 பேரில் ஒருவர். தாய்மாமனையே கட்டிக்கொடுத்தால் 13 மடங்கு, 750 பேரில் ஒருவர். ஆகவே பிடிபடாதவர்கள் மாவட்டம் முழுக்கச் சீராகச் சிதறியிருக்க மாட்டார்கள். சில தெருக்களில், சில குடும்பங்களில் கொத்தாக இருப்பார்கள். சொத்து வெளியே போகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் எடுத்த வீடுகள்.

அரசாங்கத்துக்கு இது தெரிந்தால் மனசைத் துழாவி ஆள் தேட வேண்டாம். கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்தால் போதும்.

ஜூன் 22, 2024

கணக்கு எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: மரபணுவின் அளவு நூற்றுக்கு ஒன்று. அதை அதனாலேயே பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. உறவுக்குள் திருமணம் என்றால் அதோடு கொஞ்சம் கூட்ட வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. தாய்மாமன் என்றால் எட்டில் ஒரு பங்கு. அந்தப் பங்கை நூற்றுக்கு ஒன்றாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

ஜூன் 30, 2024

கும்பகோணத்து நண்பர் யானைக்கால் நோயை ஞாபகப்படுத்தினார். அதைப் பற்றி நானே எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். என் அப்பா பல வருடம் யானைக்கால் தடுப்பு வேலையில் இருந்தவர்.

அந்த நுண்புழுக்கள் பகலில் ரத்தத்தில் தென்படாது. நடுராத்திரியை ஒட்டித்தான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். கொசுவும் அந்த நேரத்தில்தான் கடிக்கிறது. ஆகவே ரத்தம் எடுப்பவர்களும் ராத்திரியில்தான் போக வேண்டும். அப்பா டார்ச் லைட், ஊசி, கண்ணாடிச் சில்லு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புவார். தூங்குகிற ஆளை எழுப்பி விரலில் குத்துவதற்கு எவ்வளவு பேச்சு பேச வேண்டும் என்று சொல்வார். சில நாள் விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். சாக்கடை ஓரத் தெரு, கொசு மொய்க்கும். ஒரே திண்ணையில் படுத்திருக்கிற அண்ணன் தம்பிகளில் ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கும், ஒருவருக்கு ரத்தத்தில் புழு இருக்கும் ஆனால் உடம்பில் ஒன்றும் தெரியாது, இன்னொருவருக்கு எதுவுமே இருக்காது. அதே கொசு, அதே திண்ணை.

எதுவுமே இல்லாத அந்த மூன்றாவது ஆளை ஆராய்ச்சியாளர்கள் தனி வகையாகவே வைத்தார்கள். நோய் உள்ள இடத்தில் பிறந்து வளர்ந்து, ஆயுசு முழுக்கக் கடிபட்டும், நோய் இல்லாதவர். அப்பாவுக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. "இவன் ரத்தத்துல என்னமோ இருக்குடா" என்பார்.

பிறகு 1990களில் புழுவின் சுவட்டையே ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனைகள் வந்தன. ராத்திரி ரத்தத்தில் ஒன்றும் இல்லாதவர்கள் என்று எழுதி வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினரின் உடம்புக்குள் வளர்ந்த புழு இருந்தது தெரியவந்தது. மற்றவர்களிடம் உண்மையிலேயே எதுவும் இல்லை.

இது என் கதைக்கு எவ்வளவு வேண்டியது என்று எழுதும்போதுதான் உறைக்கிறது. பிடிபடாதவர் என்று பட்டியல் போட்டால் அதற்குள் இரண்டு வகை இருக்கும். நிஜமாகவே படிக்க முடியாதவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையினரைப் படிக்க நம்மிடம் இன்னும் சரியான சோதனை இல்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் வாழ்க்கையும் ஒரே பட்டியலில் ஓடும். ஒரு நாள் புதுச் சோதனை வரும், பாதிப் பேர் அம்பலமாவார்கள்.

ஜூலை 2, 2024

"மனம் படிக்கத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி? தெரியாதவர் மாதிரி நடித்தால்?"

1930களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் ஒரு சீட்டுக்கட்டு வைத்து, ஒருவர் பார்க்கிற சீட்டை இன்னொருவர் மனசைப் படித்துச் சொல்ல முடியுமா என்று சோதனைகள் செய்தார். 25 சீட்டு, ஐந்து வடிவம்: வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். ரைன் சொன்ன முடிவுகளை மற்றவர்கள் கட்டுப்பாட்டோடு திரும்பச் செய்தபோது அவை நிற்கவில்லை. நிஜ உலகத்தில் மனம் படித்தல் கிடையாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டுக்கட்டு கதைக்கு நல்ல கருவி.

மனம் படிப்பவர்கள் இருபதுக்கு மேல் எடுக்கிற ஊரில் ஐந்து எடுப்பவர் உண்மையிலேயே படிக்கத் தெரியாதவர். படிக்கத் தெரிந்தும் தெரியாத மாதிரி நடிப்பவர் என்ன செய்வார்? பயத்தில் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்வார், பூஜ்யம் எடுப்பார். வெறும் குருட்டாம்போக்கில் பூஜ்யம் வருவதற்கு வாய்ப்பு 265ல் ஒன்றுதான். இரண்டாம் தடவையும் பூஜ்யம் என்றால் ஆள் மாட்டினார். ஐந்து எடுக்க வேண்டும் என்று பொய் சொல்பவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஜூலை 3, 2024

இல்லை, தெரிந்தவருக்குத் தோன்றும். புள்ளியியல் படித்த ஒரு பெண்ணைக் கதையில் சேர்த்தாக வேண்டும்.

ஜூலை 9, 2024

சில கதைகளில் பிடிபடாதவர் பக்கத்தில் வந்தாலே மற்றவர்களுக்குக் குமட்டும், நாய் குரைக்கும், மனம் படிப்பவர்களுக்குத் தலை வெடிக்கும். எனக்கு அது ஒட்டவில்லை. அவரிடமிருந்து ஏதோ பாய்கிறது என்றால் அதுவும் ஒரு சக்திதானே. எந்தச் சக்தியும் இல்லாதவரை ஊர் ஒதுக்குவதற்குக் குமட்டல் தேவையில்லை. என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன்.

வீட்டுப் பெண் ஒருத்திக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. பெரியப்பாவை வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அழைத்துப்போய் நாடி பார்த்தோம். ஆண் என்பதால் வலது கைப் பெருவிரல் ரேகை. கட்டுக் கட்டாக ஓலை வந்தது. ஒவ்வொன்றையும் வாசித்து, அப்பா பெயர் சாமி பெயரா, கூடப் பிறந்தவர் மூன்று பேரா, வயிற்றுக் கோளாறு உண்டா என்று கேட்பார். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். பெரியப்பா அப்படியே செய்தார். முகத்தில் எந்த அசைவும் இல்லை. வாசிக்கிறவர் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகத்தைப் பார்த்தார், பார்த்துப் பார்த்துச் சலித்தார். சாயங்காலம் "இவங்க ஓலை இங்க இல்ல, வேற எங்கயாவது இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்று முன்பே சொல்லித்தான் உட்காரவைத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வருடம்தான் அத்தை, பெரியப்பாவின் ஒரே தங்கை, இறந்துபோனார். பெரியப்பா கூடத்தில் நின்றார். கண்ணில் தண்ணீர் இல்லை, புருவம்கூட அசையவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு, சொத்துத் தகராறு உள்ளுக்குள்ள இருந்துச்சு போல" என்று பந்தலில் பேச்சு எழுந்தது. பெரியப்பா காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை.

அதற்கு வெகு நாள் கழித்துத்தான் கை நடுக்கம் வந்து, தஞ்சாவூரில் மருத்துவர் பார்க்கின்சன் என்றார். மூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் குறையும்போது முகத் தசைகள் அசைவது குறைந்துபோகும், இமைப்பது குறையும், கையெழுத்து சிறுத்துப்போகும். நடுக்கத்துக்கு முன்பே முகம் அடங்கிவிடலாம். உள்ளே துக்கம் துக்கமாகவே இருக்கும்.

நாடி படிப்பவருக்குப் பிடிபடாத அதே முகம் சொந்தக்காரர்களுக்கும் பிடிபடவில்லை. எதிரியை மட்டும் வடிகட்டி நிறுத்துகிற தடுப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. இதை எழுதத்தான் இந்தக் கதையையே தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 10, 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் "பெரியம்மாவுக்கு அவர் துக்கம் தெரிந்திருக்குமே" என்று எழுதியிருக்கிறார். தெரியும். சாப்பாட்டில் உப்பு இல்லாமல் பரிமாறினாலும் கேட்காமல் சாப்பிட்டார் என்பதை வைத்துப் பெரியம்மா கண்டுபிடித்தார். லஸ்கருடைய மனைவிக்கும் அப்படித்தான், அவர் சைக்கிளை நிறுத்துகிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அவர் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஜூலை 15, 2024

சட்டம் படித்த ஒருவர் நல்ல இடத்தில் கை வைத்தார்: "லஸ்கர் மனசைத் திறந்து காட்ட மறுக்கலாமே, அது அவர் உரிமை."

2010 மே 5ல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஒருவர் சம்மதம் இல்லாமல் உண்மை அறியும் ஊசி போடுவதோ, பொய்யறியும் கருவியில் உட்காரவைப்பதோ, மூளை மின்னலைகளைப் பதிவு செய்வதோ கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு அது விரோதம். சம்மதித்துச் செய்துகொண்டாலும் அந்த முடிவை அப்படியே சாட்சியமாக எடுக்க முடியாது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. மனசுக்குள் இருப்பது அவரவருடையது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்னது.

என் கதையிலும் அந்த உரிமை இருக்கிறது, ஏட்டில். ஆனால் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தாங்களாகவே போய் மனசைத் திறந்து காட்டிவிட்டு வருகிறார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்கிறார்கள். கோரையாற்றில் ஒரு ராத்திரி தண்ணீர் குறைகிறது. முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் பயிர் காய்கிறது. எல்லாரும் திறந்து காட்டி நிரபராதி என்று சீட்டு வாங்கிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஓர் ஆள். அவர் மறுக்கவில்லை. திறந்து காட்டத் தயாராகத்தான் இருக்கிறார், திறக்கத்தான் வரவில்லை. மறுக்கிற உரிமை அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. நிரூபிக்கிற வழி வேண்டும், அது அவருக்கு மட்டும் இல்லை.

அவர் தண்ணீரைத் திருடவில்லை. இதை முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுவேன். அதில் மர்மம் வைப்பது அவருக்குச் செய்கிற இன்னொரு அநியாயம்.

ஜூலை 20, 2024

பிடிபடாதவர்கள் ஏன் இன்னும் அரிதாகவே இருக்கிறார்கள், இது நல்ல குணம் என்றால் பெருகாதா என்ற கேள்வி.

பெருகினால் பலிக்காது. 1973ல் ஐ.ஆர் 26 என்ற நெல் வந்தது, புகையான் என்கிற பூச்சிக்கு எதிரான ஒரு மரபணுவோடு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று ஏராளமான வயல்களில் அதையே போட்டார்கள். சில வருடங்களுக்குள் அதையும் தின்னத் தெரிந்த புகையான் வந்துவிட்டது. எங்கேயோ ஒரு வரப்போரத்தில் நாலு தூர் மட்டும் இருந்திருந்தால் பூச்சிக்கு அதைக் கற்றுக்கொள்ளும் அவசியமே வந்திருக்காது. 126 பேருக்காக மனம் படிக்கும் துறை தன் முறையை மாற்றாது. ஒரு லட்சம் பேர் ஆனால் மாற்றும்.

இதிலேயே இன்னொன்று இருக்கிறது. நம் நாட்டுப் புகையானுக்கு ஐ.ஆர் 26ன் தடுப்பு ஆரம்பத்திலிருந்தே பலிக்கவில்லை. நம் பூச்சி வேறு வகை. தடுப்பு என்பது பயிருக்குள் மட்டும் இருப்பதில்லை. இந்தப் பயிருக்கும் இந்தப் பூச்சிக்கும் நடுவில் இருக்கிறது.

ஜூலை 21, 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை. லஸ்கரைப் படிக்க முடியாதவர்கள் தமிழ்நாட்டுத் துறையில் பயிற்சி பெற்றவர்கள். கர்நாடகத்து மண்டியாவில் பயிற்சி பெற்ற ஒருவரால் முடியுமென்றால்?

எல்லையில் பிலிகுண்டுலுவில் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாகத் தண்ணீர் அளக்கிற இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்புப்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி அங்கே வந்து சேர வேண்டும். நூறு வருடம் கழித்தும் அந்த அளவீடு இருக்கும், அங்கே கர்நாடகத்தின் மனம் படிப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கூட்டுப் பார்வைக்காக அந்த அம்மாள் மூணாறு தலைப்புக்கு வருகிறார். லஸ்கர் பக்கத்தில் நிற்கிறார். லஸ்கர் மனசு அடங்கவில்லை, அந்த அம்மாளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. திருடவில்லை என்பதும் தெரிகிறது.

லஸ்கரை நிரபராதி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிர்த்தரப்பில் இருக்கிறார்.

ஜூலை 29, 2024

நேற்று மேட்டூர் திறந்தாயிற்று. கர்நாடக அணைகள் நிரம்பி வழிந்ததால் வந்த தண்ணீர். கல்லணைக்கு இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வாய்க்கால் வெட்டாமல் கிடந்த இடத்தில் எல்லாம் ஆள் நிற்கிறார்கள். நாங்களும் விதை நேர்த்தி செய்ய வேண்டும், ஆகவே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

"கர்நாடகத்துக்காரர் சொன்னால் கடைமடை நம்புமா" என்று ஏகப்பட்ட பேர் கேட்டுவிட்டீர்கள். வெறும் வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த அம்மாளின் மனசை நம் ஆட்கள் படிக்கலாம். அவர் லஸ்கரைப் படித்ததை இவர்கள் அவரிடம் படித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 4, 2024

அதில் உள்ள சிக்கல் இது. மனசைத் திறந்தால் ஒரு மூலையை மட்டும் திறக்க முடியாது. கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் எவ்வளவு இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் எவ்வளவு கேட்டால் எவ்வளவுக்கு இறங்கலாம் என்று அவருடைய அரசு வைத்திருக்கிற கணக்கு, எல்லாம் அவர் மனசில் இருக்கிறது. ஒரு லஸ்கருக்காகத் தன் மாநிலத்து விவசாயிகளின் பேரத்தைத் திறந்து காட்ட வேண்டும். அங்கேயும் கடைமடை உண்டு, அங்கேயும் கரும்பு காயும்.

நேற்று ஒருவர், "நம் ஊர்க்காரருக்காக அவர் செய்துதான் ஆக வேண்டும், மனிதாபிமானம்" என்று எழுதியிருந்தார். அப்படி என்னால் எழுத முடியாது. அவர் மறுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. அவரை நல்லவராகக் காட்டுவதற்காக மண்டியா விவசாயியை நான் ஏமாற்றக்கூடாது.

புள்ளியியல் படித்த பெண்ணை ஞாபகம் இருக்கிறதா, ஐந்து எடுத்து நடிக்கத் தெரிந்தவள்? அவள் துறைக்குத் தெரியாமல் படிக்கத் தெரிந்தவள். எந்த அரசிலும் சம்பளம் வாங்காதவள், எந்தக் கூட்டத்திலும் உட்காராதவள். அந்த அம்மாளின் மனசை அவள் மட்டும் படிக்கலாம், அணைக் கணக்கைப் பார்த்தாலும் அவளுக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் படித்ததை ஊருக்குச் சொன்ன நிமிடமே தான் நடித்தது வெளியாகிவிடும். லஸ்கரின் பேத்தி அவள் என்று வைத்துவிட்டேன். துழாவலின்போது பெயர் மறந்துபோகிற அதே பேத்தி.

ஆகஸ்ட் 11, 2024

பேத்தி என்றால் ஒற்றைப் பிரதி அவளிடமும் இருக்குமே, அப்போது அவளை ஓரளவுதானே படிக்க முடியும் என்று கேட்டவருக்கு: இருக்கும். லஸ்கரிடம் இருப்பது இரண்டுமே அந்தப் பிரதிதான், பிள்ளைக்கு ஒன்று கட்டாயம் போகும். பிள்ளையிடமிருந்து பேத்திக்கு வருவது இரண்டில் ஒரு வாய்ப்பு. அவளிடம் வந்திருக்கிறது. துறை இவ்வளவு நாள் அவளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டதற்கு அதுதான் காரணம்.

அம்மாள் கேட்கிற நிபந்தனை ஒன்றுதான். அவர் மனசைப் படிக்கும்போது தலைப்பில் இரண்டு மாநிலத்துப் பொறியாளரும் இருக்கக்கூடாது. கடைமடையிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இருக்கலாம். முத்துப்பேட்டையிலிருந்து ஒரு டிராக்டரில் ஏறி வருகிறார்கள். பேத்தி ஷட்டர் மேடையில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தியாயம் அங்கிருந்து தொடங்குகிறது, பாதி எழுதியாயிற்று. நடவு முடிந்ததும் மீதியைப் போடுகிறேன்.